ஐந்தாவது படத்தின் தூசி

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். படச்சுருளின் ஒரு ஃபிரேமில் வந்து அடுத்த ஃபிரேமில் இல்லாமல் போவது அழுக்கு. மனுஷன் முகம் ஒரு ஃபிரேமில் இருந்தால் அடுத்ததிலும் இருக்கும். மரம் இருக்கும், நாற்காலி இருக்கும். தூசி மட்டும் வந்த இடத்துக்கு மறுபடி வராது. அதை வைத்தே அதைப் பிடித்துவிடலாம். மென்பொருள் முன்னே ஒரு ஃபிரேம், பின்னே ஒரு ஃபிரேம் பார்க்கும். நடுவில் மட்டும் இருப்பதைத் துடைத்துவிட்டு, அக்கம்பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். எவ்வளவு மூர்க்கமாகத் துடைக்க வேண்டும் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை வைப்பதுதான் என் வேலை. மற்றவர்கள் நான்கில் வைப்பார்கள், ஐந்தில் வைப்பார்கள். நான் எட்டில் வைப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது.

பழைய படச் சுருள்களை வைத்திருக்கும் காப்பகங்கள் எங்கள் கம்பெனிக்கு அவற்றை அனுப்பும். நாங்கள் ஸ்கேன் செய்து, அழுக்கு எடுத்து, கம்ப்யூட்டர் கோப்பாகத் திருப்பிக் கொடுப்போம். மூன்றாவது மாடி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் மக் வைத்திருக்கிறோம். அது நிறையும்போது யார் எழுந்து ஊற்றுவது என்பதில்தான் அலுவலகத்தின் பாதி சண்டை. ஒன்பது மணி நேரம் புள்ளியையும் கீறலையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வெளியே வந்தால், வானத்தில் போகிற காக்காயைக்கூடத் துடைக்கத் தோன்றும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். என் வேலை என்னவென்று விளக்கிச் சொன்ன அன்று அவள் கேட்டாள்.

"அப்ப நீயும் அழுக்கு எடுக்கிற வேலைதானா? இதுக்காடி மூணு வருஷம் படிச்ச?"

"நான் உக்காந்துட்டே எடுக்கிறேன்மா."

"அது சரி. முட்டியாவது தப்பிச்சுது."

அவளுடைய முட்டி தப்பவில்லை. இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. எனக்கு நிரந்தர ஆணை வரும் அன்று வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிடுவேன் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நர்சுகள்கூட அவளிடம் கேட்பார்களாம், "என்னக்கா, பொண்ணுக்கு லெட்டர் வந்துச்சா?" என்று. இந்த மாதத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. கடைசியாக ஒரு தொகுதி. அது முடிந்தால் கடிதம்.

அந்தத் தொகுதி ஒரு செருப்புப் பெட்டியில் வந்தது.

"ஏ பட்டதாரி, இங்க வா. ஒரு கூத்தைப் பாரு" என்று ஸ்கேனர் அக்கா கூப்பிட்டாள். ஸ்கேன் மெஷினை இயக்குபவள் அவள். நான் வந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். முதலில் கோபம் வந்தது, பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

பெட்டிக்குள் ஏழு தகர டப்பாக்கள். அக்கா ஒன்றைத் திறந்து சுருளின் நுனியை விளக்குக்கு நேரே பிடித்தாள். மனிதர்கள் இல்லை, வீடு இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடி போன்ற ஃபிலிம் மேல் சாயம்.

"இதுல கேமராவே கிடையாதுடி. வெறும் ஃபிலிம் மேல நேராப் பூசியிருக்கு. நகப்பாலிஷ், மை, இன்னும் என்னென்னவோ. ஓட ஓட உதிருது பாரு."

ஸ்கேனர் மேடையில் சிவப்பும் பச்சையுமாகச் செதில்கள் கிடந்தன. அக்கா ஒரு காகிதத்தால் அவற்றை வழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஒரு தடவைதான் ஓட்ட முடியும். இன்னொரு தடவை ஓட்டினா வெறும் ஃபிலிம்தான் மிஞ்சும். எடுத்தாச்சு. இனிமே உன் பாடு."

கூட வந்த தாளைப் படித்தேன். செய்தவர் ஒரு பெண்மணி. டெலிவிஷன் நிலையத்தில் செய்திச் சுருள்களை வெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். தூக்கி எறியப்பட்ட வெற்று ஃபிலிமை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்து வரைந்திருக்கிறார். இறந்துவிட்டார். கொடுத்தவர் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். படங்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். சத்தம் கிடையாது.

முதல் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நிறங்கள் கொதித்தன. அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் படங்கள் மேல் எனக்கு ஒரு பழைய பகை உண்டு. கல்லூரியில் ஒரு வாத்தியார் இதே போல ஒன்றைப் போட்டுக் காட்டி, "என்ன உணர்றீங்க?" என்று கேட்டார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து விட்டார்கள். எல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த வார்த்தைகள். என் முறை வந்தது. "தலை வலிக்குது சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தலை வலித்தது. அன்றிலிருந்து இப்படி எதைப் பார்த்தாலும், இது எனக்காகச் செய்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பார்ப்பேன்.

அளவைப் பத்தில் வைத்தேன். எங்கே பார்த்தாலும் மினுமினுப்பாக இருந்தது, எட்டில் அடங்கவில்லை. பத்தில் வைத்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. வழக்கமாக இரண்டு வாரம் எடுக்கும் வேலையை மூன்று நாளில் முடித்தேன்.

எங்கள் டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் டெட்லைன். அவர் என் மேசைக்கே வந்து நின்றார். அது அபூர்வம்.

"பாருங்கடா, இது வேலை. உன் லெட்டர் டைப் ஆயிடுச்சும்மா. சொந்தக்காரர் இந்த பேட்ச்சைப் பாத்துட்டுப் போகட்டும், கையெழுத்துப் போட்டுடலாம்."

"சார், டிரைவ் நிறைஞ்சு போச்சு. சிவப்பு காட்டுது."

"முதல் மூணை நான் பாத்துட்டேன், ஓகே. அதோட ரா ஸ்கேனை அழிச்சு இடம் பண்ணிக்க."

ரா ஸ்கேன் என்றால் துடைப்பதற்கு முந்தைய நகல். படத்துக்குச் சொந்தக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை அழிக்க வேண்டும். அப்படித்தான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் இடம் போதாமல் நாங்கள் எல்லோரும் முன்னாடியே அழிப்போம். ஒரு தடவையும் ஒன்றும் ஆனதில்லை. மாடு மேய்க்கிறவனைக் காட்டும் படத்தில் அழுக்குப் போனால் மாடும் இருக்கும், மேய்க்கிறவனும் இருப்பான். யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

"நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒரு கையில் டீ இருந்தது. மற்றக் கையால் ஆம் என்று அழுத்தினேன். மூன்று தடவை.

டிரைவர் ஐயா வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரவேண்டியவர், பத்தரைக்கே வந்து வாசலில் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் ஒரு துணிப்பை. எட்டு நாற்காலி போட்ட எங்கள் சின்னத் திரையிடும் அறையில் அவரை உட்கார வைத்து ஏழு படங்களையும் வரிசையாக ஓட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது படம் தொடங்கியதும் முன்னால் சாய்ந்தார். அது முடியும்வரை சாய்ந்தே இருந்தார்.

விளக்கைப் போட்டேன்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது ஐயா. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பளிச்சுன்னு இருக்கு." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சாவதுல பிரஷ் ஒண்ணு வருமே?"

"பிரஷ்ஷா?"

"டூத் பிரஷ்ஷும்மா. என் டூத் பிரஷ்." அவர் முகம் மாறிவிட்டது. "காலைல டியூட்டிக்குக் கிளம்புற அவசரத்துல பல்லு விளக்கலாம்னு எடுக்கிறேன், வாயெல்லாம் பச்சை! கழுவினா போகுமா? அது ஃபிலிம்ல பிடிக்கிற மை. அன்னைக்குப் பூரா பஸ்ல ஏறுறவன் எல்லாம் என் வாயையே பாக்கிறான். எங்க கண்டக்டர் கேக்கிறான், 'என்னண்ணே, காலைல புல்லு மேஞ்சீங்களா?'ன்னு."

அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

"வீட்டுக்கு வந்து கத்தினேன். அவ பிரஷ்ஷை மைல தோச்சு, கட்டை விரலால இப்படி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினா. ஃபிலிம் மேல சொட்டுச் சொட்டா தெறிச்சுது. சுவத்துல ஓட்டிக் காட்டினப்ப மழை மாதிரி இருந்துச்சு. முதல்ல ஒண்ணு ரெண்டு, அப்புறம் சோன்னு." கை காற்றில் அப்படியே நின்றது. "இதுல வரலையேம்மா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய். ஒரு ஃபிரேமில் வந்து அடுத்த ஃபிரேமில் இல்லாமல் போவது.

"பழைய ஃபிலிம் ஐயா. உதிர்ந்திருக்கும்" என்றது என் வாய்.

"இருக்கும், இருக்கும்." அவர் தலையாட்டினார். "படிச்சவங்க செஞ்சிருக்கீங்க. சரியாத்தான் இருக்கும். கையெழுத்து எங்கம்மா போடணும்?"

இந்த வாக்கியத்தை நான் எங்கே கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா பேங்கில் இதைத்தான் சொல்வாள். ஆஸ்பத்திரியில் விடுப்புக்குப் பதிலாக இரட்டை ஷிஃப்ட் எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்களே, அன்றும் இதையே சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள். படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவனின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருக்கும். இப்போது எதிரே உட்கார்ந்திருந்தது நான்.

ஆனாலும் கட்டத்தைக் காட்டினேன். அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகப் போட்டார். நன்றி சொன்னார். போய்விட்டார்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து ஐந்தாவது படத்தின் ரா ஸ்கேனைத் திறந்தேன்.

முதலில் மஞ்சள். சீப்பால் இழுத்த மாதிரி நீளக் கோடுகள். இருபது விநாடி கழித்து இடது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. போய்விட்டது. பிறகு இரண்டு. அங்கே நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சொட்டின் ஓரத்திலும், மை காய்ந்து ஒதுங்கிய அடர்ந்த வளையம். சிலவற்றுக்கு வால் இருந்தது. ஒரு ஃபிரேமில் நாற்பது புள்ளி, அடுத்ததில் வேறு நாற்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு சொட்டுகூட நகரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விநாடியின் இருபத்துநாலில் ஒரு பங்குக்குத் தன் இடத்தில் இருந்துவிட்டு ஒழிந்து போகிறது. ஆனால் ஓடவிட்டால் மழை பெய்கிறது. அந்த மழை ஃபிலிமில் கிடையாது. அதைப் பெய்விக்கிறது என் கண்.

கடைசி அரை நிமிடத்தில் ஒரு கட்டை விரல் ரேகை. சிவப்பு. ஃபிரேமுக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான தடவை ஒற்றியிருக்கிறார். ஓடும்போது அது சுழல் மாதிரி சுற்றிச் சுற்றித் துடித்தது, மழை அதன் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

எங்கள் சட்டப்படி இந்தப் படத்தில் இருப்பது மொத்தமும் அழுக்கு.

நான்கு தடவை பார்த்தேன். என்ன உணர்ந்தாய் என்று அந்த வாத்தியார் இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. தலை வலிக்கவில்லை. அதை மட்டும் சொல்லுவேன். பிறகு, நான் துடைத்ததைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள், கோடுகள், ஒரு மங்கல் சிவப்பு. அம்மா துடைத்துவிட்டுப் போன வார்டு மாதிரி, ஈரமும் பளபளப்புமாக, ஆள் இல்லாமல் இருந்தது.

நான்காவது, ஆறாவது, ஏழாவது ரா ஸ்கேன்களும் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று இல்லை. அவற்றில் என்ன இருந்தது? முதலாவதை ஒரு தடவை ஓட்டினேனே. எவ்வளவு யோசித்தும் "கொதித்தது" என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மற்ற இரண்டையும் துடைக்கும் முன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மீதி நான்கும் சாயங்காலம் ஐந்து மணி வரைதான். கையெழுத்தான தாள் சர்வர் அறைக்குப் போனதும் அங்கேயும் அழித்துவிடுவார்கள்.

டெட்லைனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்டாரா இல்லையா?"

"போட்டார். எதுக்குப் போடறோம்னு தெரியாமப் போட்டார்."

"அது நம்ம பிரச்சினை இல்ல."

"சார், இருக்கிறதையே எடுத்துட்டோம். இன்னும் நாலு கையில இருக்கு. நாலையும் கையாலயே பண்ணிடறேன்."

"அப்ப மூணு?"

"நீங்க சொல்லித்தானே அழிச்சேன்."

"வாயால சொன்னேனா, எழுதிக் கொடுத்தேனா?"

அவரும் களைத்துப்போன மனுஷன்தான். சட்டைக் காலரில் பேனா மை. ஏழு பேட்ச் பாக்கி.

"இங்க பாரு. நீயா சொன்னாத்தான் யாருக்கும் தெரியும். உன் லெட்டர் இதோ மேசை மேல இருக்கு. கண்ணு தெரியுதில்ல?"

"தெரியுது சார். கண்ணை வச்சுத்தான் எனக்குப் பிழைப்பு."

"சொந்தக்காரர் கையெழுத்தை வாபஸ் வாங்கினா ஒழிய இதை நான் திறக்க முடியாது. போய் வேலையைப் பாரு."

அவர் அதை எனக்கு வழி சொல்வதற்காகச் சொல்லவில்லை. கதவைச் சாத்துவதற்காகச் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். இறங்கும்போது அம்மாவின் முட்டி ஞாபகம் வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றேன். ஒரு நிமிடம் இல்லை, அதற்கும் மேலேயே நின்றேன். பேசாமல் மேலே போய்விடலாம் என்று தோன்றியது. வாளியை எறிந்துவிட்டு வருகிறவளுக்கு எதிரில் யாரோ தெரியாத பொம்பளையின் பச்சைப் புள்ளிகள் பெரிசா என்றும் தோன்றியது. இல்லைதான். இன்றைக்குக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் அந்தக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்ட அது, என் கையில் இருந்தது.

அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் பஸ் நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தார், துணிப்பை மடியில்.

"இன்னும் போகலையா ஐயா?"

"மூணு பஸ்ஸை விட்டுட்டேன். எப்படி பிரேக் அடிக்கிறானுங்க பாரு. உள்ள இருக்கிறது மனுஷனா, மூட்டையா? இவனுங்க வண்டில எல்லாம் நான் ஏறமாட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, இன்னொரு கையெழுத்தா?"

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். தூசி, சட்டம், பத்து என்ற எண் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ் உதிரவில்லை, நான் துடைத்துவிட்டேன் என்றேன். அவருக்கு மென்பொருள் புரிந்ததா என்று தெரியாது. துடைத்துவிட்டேன் என்பது புரிந்தது.

"அப்ப ஏன்மா உதிர்ந்திருக்கும்னு சொன்ன?"

"பயத்துல."

"யாரைப் பாத்து?"

"யாரையும் பாத்து இல்ல. வேலை போயிடும்னு."

நான்காவது பஸ் வந்து நின்று போனது.

"நாலு படம் திரும்ப வரும் ஐயா, அஞ்சாவதும் அதுல சேர்த்தி. ஒண்ணு, ரெண்டு, மூணு வராது. முதல்ல இருந்த மாதிரி இனிமே எப்பவும் வராது. அழிச்சாச்சு. ஃபிலிம்லயும் சாயம் உதிர்ந்துடுச்சு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலால் எண்ணினார். "ஒண்ணாவது நீலமா இருந்துச்சே? அதுல முன்னாடி என்னம்மா இருந்துச்சு?"

"தெரியல ஐயா. நான் சரியாப் பாக்கல."

"எனக்கும் தெரியல." அவர் குரல் கடுமையாக இருந்தது. என் மேல்தானா என்று சொல்ல முடியவில்லை. "டியூட்டி முடிஞ்சு வருவேன். உக்காருங்க, உக்காருங்கன்னு சுவத்துல போட்டுக் காட்டுவா. ஒரு நிமிஷம்தான், கண்ணு சொக்கிடும். எழுப்பி, எப்படின்னு கேப்பா. எல்லாம் ஒரே மாதிரிதானேடின்னு சொல்லுவேன். அஞ்சாவதை மட்டும், என் பிரஷ் போன கோபத்துல முழிச்சிருந்து பாத்தேன்."

கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரின் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் தேதியும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது பஸ் வந்தது. அதுவும் மோசமாகத்தான் பிரேக் அடித்தது. அவர் ஏறிப் போய்விட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். டைப் செய்த கடிதத்தை டெட்லைன் என் கண் முன்னாலேயே கிழிக்கவில்லை. அவ்வளவு நாடகம் அவருக்கு வராது. அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வேறு எதையோ அச்சடித்தார்.

அம்மா குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசமா?"

"ஆமா."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"துடைக்கக் கூடாததைத் துடைச்சுட்டேன்."

"சரி விடு. அடுத்த மாசம் புது மாப் தரேன்னு சொல்லியிருக்காங்க. பிழியறதுக்குக் கால்ல மிதிக்கிற பெடல் வச்சது. அதையும் ஒரு கை பாத்துட்டு வரேன்." எண்ணெய்ச் சீசாவை மூடிவிட்டு எழுந்தாள். எழுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மென்பொருளை அணைத்துவிட்டு நான்கு படங்களையும் கண்ணாலேயே செய்தேன். பதினாலாயிரத்துச் சொச்சம் ஃபிரேம். தூசியின் ஓரம் கூராக இருக்கும், வளையம் இருக்காது. வளையம் இருந்தால் மை. அது எனக்குப் பிடிபட நான்கு நாளானது. சிலவற்றில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. அவற்றை விட்டுவிட்டேன். ஐந்து வாரம். ஏசி மக்கை யாரும் என்னை எழுந்து ஊற்றச் சொல்லவில்லை. ஸ்கேனர் அக்கா தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "பட்டதாரி, இன்னைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் பேசாமல் என் பின்னால் நின்று ஏழாவது படத்தை முழுக்கப் பார்த்தாள். "நான் கூடையில போட்டேனே, அது இதுவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஐயா மறுபடி வந்தார். அதே சட்டை, அதே பேனா. நான்கு படங்களையும் ஓட்டினேன். ஐந்தாவதில் முதல் பச்சைப் புள்ளி விழுந்ததும் "ஆ" என்றார். மழை பிடித்துக்கொண்டதும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று இருட்டில் தெரியவில்லை. ரேகை வந்தபோது, "அது அவ விரல்" என்றார்.

விளக்கைப் போட எழுந்தேன்.

"இரும்மா. அந்த மூணையும் போடு."

"அதுல ஒண்ணும் இல்ல ஐயா. நான் துடைச்சதுதான் இருக்கு."

"இருக்கிறதைப் போடு. நான் அதையும் அப்பத் தூங்கித்தான் கோட்டை விட்டேன்."

போட்டேன். வழக்கமாக நான் மெஷின் பக்கத்திலேயே நிற்பேன். கால் வலித்தது. போய் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். முதலாவது நீலம்தான். வெறும் நீலம், ஆழம் இல்லாமல், மெல்ல அசைந்தது. அங்கே என்ன இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் தேடினோம். இரண்டாவது சாம்பல் நிறம். அவர் கண் சொக்குகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் நடுவில் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து போனது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஃபிரேமில் அவர் மனைவி மை வைத்திருக்க வேண்டும். அதனால் அது அழுக்கு இல்லை என்று மென்பொருள் விட்டுவிட்டிருக்கிறது. கண் சிமிட்டியிருந்தால் தவறியிருக்கும்.

"இப்ப ஒண்ணு போச்சே, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

மூன்றாவது படம் தொடங்கியது.